பிரிவதற்கு அளவுகோல் எது?
ஆங்கிலிக்கன் சபைப் பிளவில் பழமைப் பற்றாளர் வாதங்கள் – ஒரு மதிப்பீடு

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். மூன்று தலைமுறையாகத் திருச்சபைக் குடும்பம். பொங்கல் விழா முடிந்து பிள்ளைகள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நயினாரே, எல்லா மதத்துப் புத்தகமும் படிக்கிறவங்க நீங்க. ஒண்ணு கேக்கணும்" என்றார். அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன், அங்குள்ள எபிஸ்கோப்பல் திருச்சபையை விட்டுப் பிரிந்துபோன ஆங்கிலிக்கன் சபை ஒன்றில் சேர்ந்திருக்கிறார். பேரனுக்கு அங்கேதான் ஞானஸ்நானம். "ரெண்டு பக்கமும் ஆங்கிலிக்கன்னுதான் போர்டு மாட்டியிருக்கான். யார் பக்கம் நியாயம்? நான் போய் நின்னா நம்ம சபைக்கு விரோதமாயிருமா?" இதுதான் அவர் கேள்வி.

அடியேன் சமணன். இந்த வழக்கில் எனக்குக் கட்சி கிடையாது. ஆனால் கேட்டவர் முப்பது வருஷப் பழக்கம். ஆகவே பிரிந்து சென்றோர் தரப்பு அறிக்கைகளையும் நூல்களையும் பல மாதங்கள் தேடிப் படித்தேன். எங்கள் தர்க்க மரபில் பூர்வபட்சம் என்று ஒரு முறை உண்டு. மறுக்க வேண்டிய கருத்தை, அதை நம்புகிறவனே ஒப்புக்கொள்ளும்படி முதலில் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அந்த முறையையே இங்கும் கைக்கொள்கிறேன்.

வழக்கின் வரலாறு

ஆங்கிலிக்கன் உலகில் போப்பாண்டவரைப் போல எல்லோருக்கும் ஆணையிடும் ஒரு தலைவர் இல்லை. ஒவ்வொரு நாட்டுச் சபையும் தன்னாட்சி உடையது. இங்கிலாந்தின் கான்டர்பரி தலைமைப் பேராயருக்குச் சமமானவர்களில் முதல்வர் என்ற மரியாதை மட்டும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பேராயர் கொலென்சோ, மோசேயின் ஆகமங்களைப் பற்றி எழுதிய நூல் பெரிய சண்டையைக் கிளப்பிற்று. 1867இல் முதல் லாம்பெத் மாநாடு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். பேராயர்கள் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இம்மாநாட்டின் தீர்மானங்களுக்குச் சட்ட வலு இல்லை, மதிப்பு உண்டு. இந்த இடைவெளியில்தான் இன்றைய தகராறு முழுதும் நிற்கிறது.

பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க அமெரிக்கச் சபை 1976இல் முடிவு செய்தது. மறு ஆண்டே செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய ஒரு கூட்டம் தனிவழி கண்டது. இங்கிலாந்தில் 1992இல் முடிவாகி 1994இல் முதல் பெண் குருமார் பட்டம் பெற்றனர். அடுத்தது ஒருபாலுறவுப் பிரச்சினை. 1998 லாம்பெத் மாநாடு, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது, ஒருபாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று 526 வாக்குக்கு 70 என்ற கணக்கில் தீர்மானித்தது. ஐந்தே ஆண்டில், 2003இல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஆண் துணையோடு வெளிப்படையாக வாழ்ந்துவந்த ஜீன் ராபின்சன் பேராயரானார். 2008இல் பழமைப் பற்றாளர்கள் ஜெருசலேமில் கூடி 14 அம்ச அறிக்கை வெளியிட்டனர். காஃப்கான் என்ற அமைப்பின் தொடக்கம் அதுவே. 2009இல் வட அமெரிக்காவில் தனிச் சபை எழுந்தது. ஒருபால் இணையர்க்கு ஆசி கூறும் ஜெபங்களை 2023இல் இங்கிலாந்துச் சபை ஏற்றது. 2025 அக்டோபரில் கான்டர்பரிக்குச் சாரா முல்லாலி என்ற பெண்மணியின் பெயர் அறிவிக்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள், தாங்களே உலக ஆங்கிலிக்கன் கூட்டுறவு என்று காஃப்கான் அறிவித்துவிட்டது.

அவர்கள் தரப்பு

பழமைப் பற்றாளர் சொல்வதை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, வேதமே இறுதிப் பிரமாணம். காலத்துக்கேற்ப ஆடை மாற்றலாம், வேதத்தை மாற்றலாகாது. இரண்டாவது, சேர்ந்து எடுத்த முடிவைத் தனியாக ஒருவர் மீறினால், பிரித்தவர் அவரே, வெளியேறியவர் அல்லர். மூன்றாவது, ஆங்கிலிக்கர்களில் பெரும்பான்மையினர் இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்க, மேலை நாட்டுப் பண்பாட்டு மாற்றத்தை எல்லார் தலையிலும் கட்டுவது பழைய எஜமானப் புத்தியே.

மூன்றில் எதையும் இலேசாகத் தள்ள முடியாது. உகாண்டாவை எடுத்துக்கொள்வோம். 1885 முதல் 1887 வரை முவாங்கா மன்னனின் அரண்மனைப் பணியிளைஞர் பலர் கிறிஸ்தவர்களாக இருந்ததற்காக உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மன்னனின் பாலியல் இச்சைக்கு இணங்க மறுத்ததும் அதற்கொரு காரணம் என்பது அந்நாட்டுச் சபையின் நினைவில் ஆழப் பதிந்தது. அந்த நினைவோடு வளர்ந்தவரிடம், 'உங்கள் கருத்து வெள்ளைக்கார மிஷனரி சொல்லிக்கொடுத்தது' என்று சொன்னால் அவர் எப்படி ஏற்பார்? 1998இல் அமெரிக்கப் பேராயர் ஒருவர், ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் மூடநம்பிக்கை கலந்தது என்ற பொருள்பட ஏளனமாகப் பேசினார். முற்போக்கு பேசிய வாயிலிருந்தே வந்த சொல் அது. அந்தக் காயம் ஆறவில்லை.

இரண்டாவது வாதம் எனக்கு நன்றாகவே புரிகிறது. வியாபாரத்தில் கூட்டாளிகள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் கோர்ட்டில் செல்லாமல் போகலாம். அதற்காக, ஒரு பங்காளி மற்றவரைக் கேளாமல் சரக்கை மாற்றிவிட்டு 'சட்டப்படி எனக்கு உரிமை உண்டு' என்றால், உரிமை இருக்கலாம், நாணயம் இருக்காது. 1998க்கும் 2003க்கும் நடுவே நடந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

நான் காணும் குறைகள்

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்பு மறுப்புக்கு வருகிறேன்.

முதற்குறை: நாங்கள் எதையும் மாற்றவில்லை என்ற பேச்சு. கருத்தடைச் சாதனங்களை 1920 லாம்பெத் மாநாடு கண்டித்தது. 1930 மாநாடு வரம்போடு அனுமதித்தது. பல மனைவியர் உடையவனுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்றது 1888 மாநாடு. 1988இல் அது தளர்ந்தது. புதிதாக மணம் செய்வதில்லை என்று உறுதி கூறி, இருக்கும் மனைவியரை வைத்துக்கொண்டே அவன் ஞானஸ்நானம் பெறலாம் என்றார்கள். கைவிடப்படும் பெண்களின் கதி என்ன ஆகும் என்ற கருணையால் வந்த மாற்றம் அது. நல்ல மாற்றம் என்பேன். ஆனால் திருமணத்தைப் பற்றிய விதியொன்று, ஆப்பிரிக்க வாழ்க்கையைக் கண்ணாரக் கண்டபின் தளர்ந்தது என்பதும் மெய்தானே? அதை ஒப்புக்கொண்டு, 'அது வேறு, இது வேறு, காரணம் இன்னது' என்று எழுதினால் வாதம் வலுப்பெறும். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாங்குறை: பாதியை மட்டும் எடுத்துக்காட்டுதல். 1998ஆம் ஆண்டின் அதே தீர்மானத்தில், ஒருபால் ஈர்ப்புடையோர் அனுபவத்தைச் செவிமடுப்போம் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. முற்போக்கினர் முற்பாதியை மறந்தார்கள். பழமைப் பற்றாளர் பிற்பாதியை மறந்தார்கள். பேரேட்டில் வரவு மட்டும் எழுதினால் கணக்கு நேராகுமா?

மூன்றாங்குறையே பெரியது. ஜெருசலேம் அறிக்கையின் 12ஆம் அம்சம், இரண்டாம் நிலைக் காரியங்களில் சுதந்திரம் உண்டு என்கிறது. 13ஆம் அம்சம், மெய்விசுவாசத்தை மறுத்த தலைவர்களின் அதிகாரத்தை ஏற்பதில்லை என்கிறது. நல்லது. எது முதல்நிலை, எது இரண்டாம் நிலை என்று பிரிக்கும் அளவுகோல் எங்கே? அறிக்கையில் அது இல்லை. பெண் குருமார் விஷயத்தைப் பாருங்கள். உகாண்டாவும் கென்யாவும் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கின்றன, நைஜீரியா கொடுப்பதில்லை. கென்யாவில் 2021இல் ஒரு பெண்மணி பேராயராகவே ஆனார். வட அமெரிக்கப் புதுச்சபை, குருப்பட்டத்தை அந்தந்தத் திருமண்டலம் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறது. இவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். அப்படியிருக்க, முல்லாலி நியமனத்தை மறுத்த காஃப்கான் அறிக்கையில், பேராயர் பதவி ஆண்களுக்கே உரியதென்று ஆங்கிலிக்கரில் பெரும்பான்மையினர் நம்புவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கென்யாவில் பொறுக்கக்கூடிய வேறுபாடு கான்டர்பரியில் பொறுக்க முடியாததாவது எப்படி? ஒருபால் உறவு பற்றிய அவர் நிலைப்பாடும் சேர்த்தே சொல்லப்பட்டது, உண்மை. அதுவே காரணம் என்றால் அதை மட்டும் சொல்லியிருக்கலாமே!

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் பழமைவாத இவாஞ்சலிக்கல் வட்டத்தின் மாணவர் முகாம்களில் செல்வாக்கோடு இருந்த ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர், பையன்களைக் கொடூரமாக அடித்துத் துன்புறுத்தியது அவ்வட்டத்தில் சிலருக்கு 1982லேயே தெரியும். வெளியே சொல்லவில்லை. பின்னால் திருச்சபைத் தலைமையும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. 2024இல் மேகின் அறிக்கை வந்து, தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகல் அறிவித்தார். இதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. ஆயினும் ஒழுக்கத்தின் பேரால் சபையைப் பிரிக்கத் துணிந்தவர்கள், தம் வீட்டு ஒழுக்கக்கேட்டுக்கு ஒரு கூட்டம் கூட்டாமல் நாற்பது ஆண்டு மௌனம் காத்தது எந்த அளவுகோலின்படி?

நம் பக்கத்துச் சான்றுகள்

இந்தச் சண்டை தமிழருக்குப் புதிதன்று. என் நண்பரின் நாசரேத் வட்டாரத்திலேயே, 1857இல், அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை ஆங்கிலிக்கன் மிஷனை உதறிவிட்டுத் தனிச்சபை கண்டார். ஐரோப்பியர் வேதத்தைத் திரித்துவிட்டனர் என்றார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கி, பழைய ஏற்பாட்டு முறைகளுக்குத் திரும்பினார். இன்றைய ஆப்பிரிக்கப் பேராயர்கள் பேசும் பேச்சு அன்றே பிரகாசபுரம், முக்குப்பேறிப் பக்கம் கேட்டாயிற்று! ஆனால் பிரிவின் வேரில் வேதம் மட்டுமா இருந்தது? நாடார் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய சிறுநூல் உண்டாக்கிய அவமானமும் இருந்தது. அவமானத்தால் வந்த பிரிவுக்கு வேத வசனத்தால் காரணம் எழுதுவது எல்லாச் சமயத்திலும் உள்ள பழக்கம். எங்கள் திகம்பர, சுவேதாம்பரப் பிரிவும் ஆடையில் தொடங்கி, பெண் பிறவியிலேயே முத்தி உண்டா என்பது வரை போனது. அதில் எத்தனை பங்கு தத்துவம், எத்தனை பங்கு மனத்தாங்கல் என்று பிரித்துச் சொல்ல இன்று யாராலும் ஆகாது.

இன்னொரு சான்று நேர்மாறானது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிடேரியர், காங்கிரிகேஷனல் சபையார் ஒன்றுசேரும் பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிற்று. முன்நின்றவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. ஆங்கில மகாகவி டி. எஸ். எலியட் இந்தத் திட்டத்தை எதிர்த்து 1943இல் ஒரு சிறுநூலே எழுதினார். பேராயர் பதவி பற்றிய கருத்து வேறுபாட்டைப் பூசிமெழுகும் சொற்களால் மறைக்கிறார்கள், இது கட்டுவதன்று, இடிப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். அறிவாளி எழுதிய வாதம், எளிதில் தள்ளிவிட இயலாது. இருந்தும் 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் கையால் பட்டம் பெறாத மற்றச் சபைக் குருமாரை, மறுபட்டம் இல்லாமலே ஏற்றார்கள். இனிமேல் பட்டம் பேராயர் கையால்தான் என்றும் முடிவு செய்தார்கள். இடையிலே முப்பது ஆண்டு கெடு வைத்துக்கொண்டார்கள். அந்தச் சபையில் இன்று வழக்கு இல்லையா என்றால், கோர்ட்டு நிறைய இருக்கிறது. அவை பெரும்பாலும் தேர்தலும் சொத்தும் பற்றியவை. எலியட் அஞ்சிய காரணத்தால் அது இடிந்து விழவில்லை.

ஆந்திரத்து நந்தியாலில் ஆங்கிலிக்கரில் ஒரு சாரார் 1947இல் சேர மறுத்து வெளியே நின்றார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, பின்னாளில் வந்து சேர்ந்தார்கள். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா 2013இல் பொறுப்பேற்றது அதே நந்தியால் திருமண்டலத்தில்தான்.

தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு 28 ஆண்டு. லாம்பெத் தீர்மானத்திலிருந்து நியூ ஹாம்ப்ஷயருக்கு 5 ஆண்டு. காத்திருக்கத் தெரியாமை முற்போக்கினர் குற்றம் என்றேன். காத்திருப்பதற்கும் பிரிவதற்கும் அளவு சொல்லாமை பழமைப் பற்றாளர் குற்றம். அளவு சொல்லாத பிரிவினை நிற்காது. இன்று கான்டர்பரியைப் பிரிந்தவர், நாளை பெண் குருமாரை முன்னிட்டுத் தமக்குள் பிரிவார்கள். செயின்ட் லூயிஸில் 1977இல் கிளம்பியவர்கள் சில ஆண்டுக்குள்ளாகவே பல சபைகளாகச் சிதறியது கண்முன் இருக்கும் சான்று.

நண்பருக்குச் சொன்னது

பிரியும்போது மிஞ்சுவது பெயர்ப்பலகையும் கட்டடமுமே. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச் என்ற பழைய ஆலயத்துச் சபையார் 2006இல் பிரிந்தனர், வழக்காடினர், 2012இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகிக் கட்டடத்தை ஒப்படைத்து வெளியேறினர். ஜார்ஜ் வாஷிங்டன் நிர்வாகக் குழுவில் இருந்த ஆலயம் அது. கொள்கைக்காகக் கட்டடத்தை இழந்த சபையாரை நான் மதிக்கிறேன். வழக்குக்கு ஆன பணத்தையும் ஆண்டுகளையும் நினைத்தால் வியாபாரி மனசு வலிக்கிறது.

இவ்வளவையும் நண்பரிடம் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையாகச் சொன்னேன். "நயினாரே, நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா நான் டிக்கெட் எடுக்கணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க" என்றார். "எடுங்க அண்ணாச்சி" என்றேன். குருப்பட்டத்தில் அவர்களுக்குள் தகராறு. பேராயர் யார் என்பதில் தகராறு. கான்டர்பரி யாருக்கு என்பதில் தகராறு. ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கும் ஞானஸ்நானத்தை இதுவரை எந்தக் கட்சியும் செல்லாது என்று சொல்லவில்லை. ஒருவர் கொடுத்ததை மற்றவர் மறுபடி கொடுப்பதும் இல்லை. இத்தனை அறிக்கைகளிலும் தேடிய அளவுகோல் ஒருவேளை அங்கேதான் கிடக்கிறதோ என்னவோ. அவர்கள் அதிலிருந்து தொடங்கிப் பேசியிருக்கலாம்.

அண்ணாச்சி டிக்கெட் போட்டுவிட்டார்.