விழித்திருந்தவர்கள் இட்ட கையெழுத்து

முதலாம் உலக மகா யுத்தம் எப்படி மூண்டது என்று கேட்டால் நம்மவர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். சரஜேவோவில் இளவரசரைச் சுட்டார்கள். நாடுகள் ஒப்பந்தங்களால் கட்டுண்டு கிடந்தன. ஒன்றின் பின் ஒன்றாக எல்லோரும் யுத்தத்தில் விழுந்தார்கள். உஸ்மானிய கிலாஃபத் அதில் ஏன் போய் விழுந்தது என்றால் பதில் இன்னும் சுருக்கம்: "அன்வர் பாஷாட மடத்தனம்", இல்லாவிட்டால் "ஜேர்மன்காரன் ஏமாத்திப் போட்டான்." இரண்டு நூல்களை அடுத்தடுத்து வாசித்து முடித்த நிலையில், இந்தப் பதில்கள் எதுவும் நிற்காது என்றே எனக்குப் படுகிறது.

முதலாவது, கிறிஸ்டோபர் கிளார்க் 2012இல் எழுதிய 'தூக்கத்தில் நடப்போர்'. குற்றவாளி ஒருவரைத் தேடிப் பிடிப்பதல்ல அவருடைய நோக்கம். பல தலைநகரங்களில் பலர் எடுத்த முடிவுகள் ஒன்றோடொன்று சிக்கி யுத்தமானதைக் காட்டுகிறார். 1911இல் இத்தாலி லிபியா மீது பாய்ந்ததை அவர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடவில்லை என்பதற்காகவே நாம் அவருக்கு நன்றி சொல்லலாம். உஸ்மானியரின் பலவீனம் அங்கே அம்பலமாயிற்று, மறு வருடமே பல்கன் நாடுகள் பாய்ந்தன, சேர்பியா பெருத்தது, ஒஸ்ட்ரியா கலங்கியது.

நூலின் தலைப்புத்தான் எனக்கு ஒத்துவரவில்லை. தூக்கத்தில் நடப்பவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் 1907இல் பிரித்தானியாவும் ரஷ்யாவும் ஈரானை அதனிடம் கேளாமலே செல்வாக்கு வலயங்களாகப் பங்கு போட்டுத் தம் பகையைத் தீர்த்துக்கொண்டபோது யார் தூக்கத்தில் இருந்தார்கள்? கூட்டணி என்பது தானாக ஓடும் இயந்திரமும் அல்ல. 1882 முதல் ஜேர்மனியோடும் ஒஸ்ட்ரியா-ஹங்கேரியோடும் கூட்டுச் சேர்ந்திருந்த இத்தாலி, 1914இல் நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டது. அடுத்த வருடம் அதே ஒஸ்ட்ரியா மீதே யுத்தப் பிரகடனம் செய்தது. ஒப்பந்தம் கையில் இருந்தும் விலகி நிற்க வழி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இரண்டாவது நூல், முஸ்தபா அக்சகால் 2008இல் வெளியிட்ட '1914: யுத்தத்துக்கான உஸ்மானியப் பாதை'. உஸ்மானிய ஆவணங்களையும் அக்காலப் பத்திரிகைகளையும் புரட்டி, அன்வர் ஒருவரின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடும் பழக்கத்தை அவர் உடைக்கிறார். பல்கன் யுத்தத் தோல்விக்குப் பின், பெருவல்லரசு ஒன்றின் துணையில்லாமல் பிழைக்க முடியாது என்பது அரசில் இருந்த பலரின் முடிவாகியிருந்தது. பிரித்தானியாவிடம் 1911இலேயே கேட்டாயிற்று. 1914 மே மாதம் தலாத் கிரிமியாவில் ரஷ்யப் பேரரசரைச் சந்தித்தார். ஜூலையில் ஜெமால் பாரிஸ் போனார். எந்தக் கதவும் திறக்கவில்லை. ஜேர்மன் தூதுவர் வங்கன்ஹைம்கூட ஆரம்பத்தில் தயங்கினார். வில்ஹெல்ம் பேரரசர் தலையிட்ட பிறகே காரியம் நகர்ந்தது. ஆக, ஜேர்மன்காரன் வந்து ஏமாற்றவில்லை. கதவைத் தட்டியது நம்மட ஆக்கள்தான்.

1914 ஒகஸ்ட் 2இல் இரகசிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஜேர்மனி ரஷ்யா மீது யுத்தப் பிரகடனம் செய்ததற்கு மறுநாள் அது. கையெழுத்திட்டவர் பிரதம வஸீர் ஸஈத் ஹலீம் பாஷா. இன்று இஸ்லாமிய சிந்தனையாளர் என்று அவரைப் போற்றுவோர் இந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவது அரிது. சொந்த மந்திரி சபையில் பலருக்கே விஷயம் தெரியாது. அவர் யுத்தத்தை விரும்பியவர் அல்லர் என்பது உண்மைதான். ஒக்டோபர் 29இல் ஜேர்மன் தளபதி சூஷோன் தலைமையில் உஸ்மானியக் கொடியோடு போன கப்பல்கள் ரஷ்யத் துறைமுகங்களைக் குண்டுபோட்டபோது, பதவி விலகுவேன் என்றார். நிதி மந்திரி ஜாவித் விலகியே போனார். பாஷாவோ 1917 வரை பதவியில் இருந்தார்.

இங்கேதான் அக்சகாலிடமும் எனக்கு ஒரு குறை. வேறு வழி இருக்கவில்லை என்று அந்தத் தலைவர்கள் நினைத்ததை அவர் நன்றாக விளக்குகிறார். ஆனால் விளக்கம் சில இடங்களில் மன்னிப்புப்போல ஆகிவிடுகிறது. நடுநிலை காத்தால் நாட்டின் எல்லைகளுக்கு உத்தரவாதம் என்று ஒகஸ்டில் எதிரணி சொன்னது. அதை நம்புவது கஷ்டம்தான். உஸ்மானியர் பணம் கட்டிக் காத்திருந்த இரண்டு யுத்தக் கப்பல்களை பிரித்தானியா அப்போதுதான் பறித்திருந்தது. ஆனால் புதிய கூட்டாளி மட்டும் யோக்கியமா? செப்டெம்பரில் உஸ்மானியர் அந்நியருக்கான விசேட சலுகைகளை ரத்துச் செய்தபோது, எதிரணித் தூதுவர்களோடு சேர்ந்து வங்கன்ஹைமும் ஆட்சேபித்தார். அந்த ஒரு கடிதமே போதாதா, கூட்டணியின் எடையை அளக்க?

நவம்பர் 14இல் பாத்திஹ் பள்ளிவாசலில் ஜிஹாத் ஃபத்வா வாசிக்கப்பட்டது. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: முதலில் ஒப்பந்தம், பிறகு ஜேர்மன் தங்கம், பிறகு கப்பல் தாக்குதல், கடைசியில்தான் ஃபத்வா. அதற்கு எட்டு நாட்களுக்கு முன்பே பிரித்தானிய இந்தியப் படை ஈராக்கின் ஃபாவில் இறங்கியிருந்தது. அந்தப் படைகளிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். யாரும் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. இலங்கையும் அப்படித்தான், லண்டன் எடுத்த ஒரு முடிவோடு யுத்தத்துக்குள் வந்து சேர்ந்தது.

கிலாஃபத்தின் வீழ்ச்சியைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் துரோகக் கதை அல்லது மடமைக் கதை. இரண்டும் நமக்கு ஆறுதல் தருகின்றன; ஒன்றில் பழி வெளியாருக்கு, மற்றதில் ஒரே ஆளுக்கு. இந்த இரு நூல்களையும் சேர்த்து வாசிப்பவருக்கு அந்த ஆறுதல் கிடைக்காது. படித்த, பயந்த, நாட்டை நேசித்த சிலர், நன்றாக விழித்திருந்தபடியே, தம் மக்களுக்குச் சொல்லாமல் ஒரு தாளில் கையெழுத்து வைத்தார்கள். ஐந்து மாதத்துக்குள் ஸாரிகாமிஷ் மலைகளில் பல்லாயிரம் பேர் பனியில் விறைத்து மௌத்தானார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.