இசைத்தட்டில் ஏறாத இசை

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லைன் வீட்டுப் பக்கம் அம்மன் திருவிழா வந்தால் தவில் முழங்கும். ஆங்கிலோ-இந்திய நண்பர்கள் வீட்டிலோ கித்தார். இரண்டையும் கேட்டு வளர்ந்ததால், "ராக் எல்லாம் நமக்கு ஒட்டாதுப்பா" என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை.

'ஹ்யூமன் பாண்டேஜ்' குழுவையே இதற்குச் சாட்சியாக நிறுத்துகிறேன். தங்கவயலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூரோடு சேர்த்துப் பேசப்படும் இக்குழு, 1970களின் முற்பகுதியில் பெயர் பெற்றது. சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம் டிரம்ஸ், அவர் சகோதரர் சுரேஷ் கித்தார். பாடியவர்களில் ராதா தாமஸ் முக்கியமானவர். ஆண்களே நிறைந்திருந்த ராக் மேடையில் ஒரு பெண் முன்னே நின்று பாடியது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு அப்போது சினிமாப் பாட்டுதான் சோறு போட்டது. 1970, 1971 'சிம்லா பீட்' போட்டிகளையொட்டி வந்த இரு தொகுப்புத் தட்டுகளில் இவர்கள் பாட்டு இல்லை. தனி இசைத்தட்டும் வரவில்லை. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னே குழு கலைந்தது.

"வெள்ளைக்காரன் பாட்டைத் திருப்பிப் பாடினவங்கதானே?" என்று கேட்கலாம். அந்நாளைய குழுக்கள் பலவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் ரமேஷ் பிற்பாடு தவில் கற்றார். பெங்களூர் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரியோடு இணைந்தார். ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி, ஜாஸ் கலைஞர்களோடு நம் தாளத்தை வாசித்தார். ராதா தாமஸ் நியூயார்க்கில் ஜாஸ் பாடி, பெங்களூர் திரும்பியும் பாடினார். வெறும் நகல் எடுப்பவர்கள் இவ்வளவு தூரம் தேடிப் போக மாட்டார்கள்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னாள் சாதனையை வைத்து முன்னாள் குழுவுக்கு மார்க் போடுவது நியாயமான விமர்சனம் ஆகாது. அந்த டிரம்ஸில் அப்போதே தவிலின் நடை இருந்ததா? தட்டு இருந்தால் கேட்டுச் சொல்லலாம். கேட்காமல் புகழ்வதும் தப்பு, கேட்காமல் ஒதுக்குவதும் தப்பு.

எங்கள் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. எடுத்த தங்கம் 800 டன் என்று கணக்குச் சொல்கிறார்கள். திருவிழாவில் அடித்த தவிலுக்கும், அடுத்த வீட்டுக் கித்தாருக்கும் யாரிடம் கணக்கு இருக்கிறது?

சங்கத்துப் பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் கித்தாரோடு மேடையேறினால், சுமாராக வாசித்தாலும் பதிவு செய்து வையுங்கள். நல்லதா கெட்டதா என்று நாளைக்கு ஒருத்தர் கேட்டுச் சொல்லட்டும்.