சோழமண்டலத்து ஓவியங்களில் எழுத்து

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் 1966ஆம் ஆண்டு தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் அதனை ஒரு தனிப் பாணியின் பிறப்பிடமாகக் கொள்கின்றனர். ஓரிடத்தில் கூடி வாழ்ந்தோர் ஒரே வகையாகத்தான் தீட்டியிருப்பர் என்பது அவர்தம் துணிபு போலும். இத்துணிபு படங்களை நோக்கிப் பிறந்ததன்று என்பது எம் கருத்து.

ஊரின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். சென்னை அரசினர் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் (1911–1977) அவர்தம் மாணாக்கரும், மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். ஓவியத்தை மட்டும் நம்பி வாழ்தல் அரிதாயிருந்த காலம் அது. அவ்வருவாயே நிலம் வாங்கவும் குடியமைக்கவும் துணை நின்றது. கைவினை கலையைக் கெடுக்கும் என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். உணவுக்குத் துணி வழிசெய்தமையால், வாங்குவோர் விருப்பிற்கு ஓவியம் வளையவேண்டிய இன்றியமையாமை குறைந்தது.

இனி, அப்'பாணி'க்குச் சான்றாக முதற்கண் காட்டப்பெறுவன பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' என்னும் வரிசைப் படங்கள். இவ்வரிசை 1963இலேயே தொடங்கிவிட்டது; எனவே ஊரினும் மூத்தது. சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த வரிகள், இடையிடையே சிறு உயிர்களின் உருவங்கள் ஆகியன அவற்றில் நிறைந்துள்ளன. கல்வெட்டும் ஏடும் பயின்ற நம்மனோர் அவற்றைக் கண்டவுடன் எழுத்துக் கூட்டிப் படிக்க முற்படுவது இயல்பே. யாமும் அவ்வாறு முயன்று தோற்றோம். அவ்வரிகள் பொருள் தாரா. ஆயின், படிக்க இயலாமை அங்குக் குறையன்று. பொருள் நீங்கியவிடத்து எழுத்தின் சுழிப்பும் நிரலும் நெருக்கமுமே கண்ணுக்கு எஞ்சுகின்றன. ஓலையேட்டைப் படிக்கத் தெரியாத சிறுவன் அதனை நோக்கும் நோக்கு நமக்கு மீள்கின்றது. இவ்வெழுத்தை 'இந்தியத் தன்மை'க்கு அடையாளமெனச் சொல்லி அமைவோர், படத்தின் தலைப்பை மட்டும் கண்டவராவர்.

சே. சுல்தான் அலியின் படங்களிலும் எழுத்துண்டு. அஃது அவர் பெரிதும் ஈடுபட்ட பழங்குடிக் கலையின் உருவங்களைச் சூழ்ந்து மந்திரம்போல் நிற்பது; பணிக்கரின் எழுத்தோ கணக்கேடுபோல் நிரல்படுவது. இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது. சானகிராமும் நந்தகோபாலும் உலோகத்தில் வினை செய்தவர்கள்; அவர்களைப் பற்றித் தனியே ஆராய்தல் வேண்டும்.

குறையும் சொல்லவேண்டும். பின்வந்தோர் சிலர் கையில் எழுத்து வெறும் ஓர வேலைப்பாடாய்த் தேய்ந்தது. பணிக்கரிடம் படத்தைத் தாங்கிய வரி, அவர்களிடம் படத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. ஒரு பாணியென்று பேசுவார்க்கு இடங்கொடுத்தவர் இவரே.

அவர்க்கு விடையாக ஒருவரைக் காட்டுவோம். 1973இல் இளமையிலேயே மறைந்த கே. இராமானுசம் அவ்வூரிலேயே வாழ்ந்தவர். அவர்தம் மைக்கோட்டு ஓவியங்களில் மாளிகைகளும் விந்தை விலங்குகளும் இடைவெளியின்றிச் செறிந்துள்ளன; அவற்றினூடே தொப்பியணிந்த ஓவியர் தாமும் உலவுகின்றார். ஆசிரியரின் கட்டமும் குறியும் அந்நகரத்துள் நுழையவே இல்லை.