‘மீண்டும்’ என்னும் சொல்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தோன்றிய ‘ஜாய் டிவிஷன்’ என்னும் நால்வர் இசைக்குழுவின் ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ என்ற பாட்டு, 1980 ஜூன் திங்களில் இசைத்தட்டாக வெளிவந்தது. வெளியிட்டது ‘ஃபேக்டரி’ என்னும் சிறு நிறுவனம். பெருநிறுவனங்களைச் சாராத ‘இண்டி’ இசைக்கு முன்னோடியானவற்றுள் இதுவும் ஒன்று. இதன் சொற்களை யாத்துப் பாடிய இயன் கர்ட்டிஸ், அதற்கு முந்திய மே 18ஆம் நாள், தம் 23ஆம் அகவையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பாட்டின் பெயர் அவர்தம் நினைவுக்கல்லிலும் பொறிக்கப்பட்டது. அதனால் இப்பாட்டை அவருடைய மரண வாக்குமூலமாகக் கொள்வார் பலர். அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பாட்டின் பெயரில் எழுவாய் ‘காதல்’. பொருளும் வினையும் பரத்தையும் காதலரைப் பிரிக்கக் கண்டு பழகிய நமக்கு, காதலே அவரைக் கிழித்துப் பிரிக்கும் என்பது புதுமையாகவே தோன்றும். அடுத்து நிற்பது ‘அஸ்’ என்னும் சொல். ‘நம்மை’, ‘எம்மை’ என்ற வேறுபாட்டை ஆங்கிலம் அறியாது. தமிழில் பெயர்ப்போர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பாட்டின் களன் குளிர்ந்த படுக்கையறை. அருகிருந்தும் திரும்பிக் கிடக்கும் ஒருவரை நோக்கியே கூற்று நிகழ்கின்றது. ஆதலின், கேட்போரையும் உளப்படுத்தும் ‘நம்மை’ என்பதே தக்கது. மரண வாக்குமூலம் என்பாரோ, அதனை ‘என்னை’ என்றே படித்துவிடுகின்றனர்.

இனி, பல்லவியின் இறுதியில் ‘மீண்டும்’ என்னும் பொருளுடைய சொல் நிற்கின்றது. ஒருமுறையே நிகழும் சாவுக்கு ‘மீண்டும்’ ஏது? பிரிந்து, கூடி, முன்போலவே பிரியும் இல்வாழ்வின் தேய்வையே அச்சொல் காட்டுகின்றது என்பது எம் துணிபு.

இசையும் இதற்குச் சான்றாகும். முரசு விரைந்து ஒலிக்கின்றது. பேஸ் கித்தார் தனக்குரிய தாழ்ந்த ஒலியை விட்டு மேலேறி இசைக்கின்றது. குரல் எழுமுன்னரே விசைப்பலகைக் கருவி பல்லவியின் மெட்டை இசைத்துவிடுகின்றது. ஆகவே, பல்லவி முதன்முறை பாடப்படும்போதே நம் செவிக்கு அது மீண்டும் வருவதாகின்றது! மெட்டு ஒளியுடையது, அதனைப் பாடும் குரலோ தாழ்ந்து, ஏறக்குறைய உணர்ச்சியற்று ஒலிப்பது. சோகத்தைச் சோக மெட்டிலேயே பாடியிருந்தால் இத்துணைக் கடுமை வாய்த்திராது.

கர்ட்டிஸின் மணவாழ்வு முறிவுற்றிருந்ததும் அவர் வலிப்பு நோயால் துன்புற்றதும் உண்மையே. அவற்றை அறவே ஒதுக்குமாறு யாம் கூறவில்லை. ஆயினும், 1979 நவம்பரிலேயே பி.பி.சி. வானொலி நிகழ்ச்சிக்காக இப்பாட்டு பதிவாகியது. அன்று அதனைக் கேட்டோர்க்கு அவர் இறப்பு உரையாக அமைந்திருக்க இயலாது. தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டாத அகமரபைப் பயின்றோர்க்கு, இப்பாட்டிலும் எவர் பெயரும் இல்லாமை எளிதிற் புலனாகும்.

இதழாசிரியர் சிலர் காணாது விட்ட செய்தி ஒன்றும் உளது. 1980இல் வந்த அச்சிறு இசைத்தட்டைத் திருப்பினால், மறுபுறத்தில் வேறொரு பாட்டுடன் இதே பாட்டும், ஓல்டம் நகரில் முன்னர்ச் செய்த பதிவாக, மீண்டும் ஒலிக்கின்றது.