கார்னர் காப்பாற்றியவை

இ.ஜே.எச். கார்னர் என்றால், தெரிந்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குரங்குகள்தான். கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்கப்பட்ட பேரோக் குரங்குகளைக் கொண்டு, ஆள் ஏற முடியாத காட்டு மரங்களின் உச்சியிலிருந்து பூவும் காயும் பறித்த வெள்ளைக்காரர். சும்மா சொல்லக்கூடாது, கதை சுவாரசியமானதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கார்னர் ஒரு வேடிக்கை மனிதராகவே மிஞ்சிவிடுவார். எனக்கு ஈர்ப்பு அவர் எழுதியும் சேர்த்தும் வைத்துவிட்டுப் போன தாள்களின் மேல்.

1906-இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1929-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு உதவி இயக்குநராக வந்தார். 1940-இல் ‘வேய்சைட் ட்ரீஸ் ஆஃப் மலாயா’ இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சாலையிலும் கம்பத்திலும் கடற்கரையிலும் நாம் தினமும் கடந்துபோகும் மரங்களைப் பற்றிய நூல் அது. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரைபடம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதை வரைந்தவர் பக்கத்தில் இல்லாதபோது சைட்டில் நிற்கும் ஆளுக்குப் புரிகிறதா என்று பார்ப்பேன். இந்த நூல் அந்தச் சோதனையில் தேறுகிறது. தாவரவியல் படிக்காதவரும் இலையையும் பூவையும் காயையும் கையில் வைத்துக்கொண்டு மரத்தின் பெயரைத் தேடிப் போகலாம். எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது, எப்போது பூக்கிறது என்று பல ஆண்டுகள் பார்த்துக் குறித்தவரின் மொழி அதில் இருக்கிறது.

1949-இல் வந்தது அவருடைய ‘டுரியான் கோட்பாடு’. பூக்கும் மரங்களின் மூதாதை, டுரியானைப் போல முள் தோலும், விதையைச் சுற்றிச் சதையும் கொண்ட பெரிய காய்களைத் தாங்கியிருக்கும் என்றார். அந்தச் சதைக்காக விலங்குகள் வந்தன, விதைகள் பரவின. கோட்பாட்டை முழுசாக ஏற்பவர்கள் இன்று குறைவு. ஆனால் அதற்குள் இருந்த ஒரு கவனிப்பு பிழைத்துக்கொண்டது. தண்டு தடிமனாக இருந்தால் இலை பெரிதாக இருக்கும். கிளைகள் பெருகப் பெருக இலை சிறுத்துப்போகும். ‘கார்னர் விதிகள்’ என்ற பெயரில் சூழலியலாளர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். லண்டன் சன்னலோரத்திலிருந்து இப்படி ஒரு யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். டுரியான் மரத்தடியில் நின்று பார்த்தவருக்கு வந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதைவிட அமைதியான ஒரு படைப்பு: தென் ஜொகூர், சிங்கப்பூர் நன்னீர்ச் சதுப்புக் காடுகள் பற்றிய ஆய்வு. 1930-களில் செடிலி ஆற்றங்கரையிலும் சிங்கப்பூரின் மண்டாய், ஜூரோங் பகுதிகளிலும், காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் சேகரித்த குறிப்புகள் அவை. அச்சானது 1978-இல். அதற்குள் அந்தக் காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. சிங்கப்பூரில் சொல்லிக்கொள்ளும்படி இன்று எஞ்சியிருப்பது நீ சூன் சதுப்புக் காடு மட்டும். இருந்த காட்டைப் பற்றி எழுதிய குறிப்பு, அச்சேறும்போது இல்லாத காட்டுக்குச் சாட்சியாகிவிட்டது. இங்கே தாள் தன் வேலையைச் செய்திருக்கிறது.

எல்லாத் தாளையும் இதே நம்பிக்கையோடு வாசிக்க முடியுமா? ‘தி மார்க்விஸ்’ நூலில் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும், ஆளுநர் ஷென்டன் தாமஸின் குறிப்போடு கார்னர் ஜப்பானியர்களிடம் போனார். அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் தாவரவியல் பூங்காவையும் காப்பாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. பேராசிரியர் தனகாதாதே, பிறகு பிரபு தொக்குகாவா ஆகியோரின் துணையோடு அது நடந்தது. சக பிரிட்டிஷார் சாங்கியில் அடைபட்டிருக்க, இவர் பூங்காவில் வேலை செய்தார். எதிரிக்கு ஒத்துழைத்தவர் என்ற பழி வந்து ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, 1981-இல், தன் தரப்பைச் சொல்ல அவர் எழுதியதுதான் ‘தி மார்க்விஸ்’.

அவர் துரோகி என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தொகுப்புகள் அழிந்திருந்தால் இந்த வட்டாரத்தின் இயற்கை வரலாற்றில் பாதி போயிருக்கும். ஆனாலும் நூலை ஒரு மலேசியத் தமிழனாக வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த மாதங்களிலேயே இதே தீவில் சீனர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அதே ஆட்சிக் காலத்தில் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். பூங்காவின் உலர்தாவரத் தொகுப்பில் ஒரு காய்ந்த இலைக்குக்கூட ஒரு சீட்டு உண்டு: யார் பறித்தது, எங்கே, என்றைக்கு. ரயிலேறிய தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு கிடையாது. ‘தி மார்க்விஸ்’ பெரும்பாலும் அறிஞர்களுக்கிடையிலான கண்ணியத்தின் கதை. அந்தக் கண்ணியம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அது எவ்வளவு சின்ன வட்டத்துக்குள் இருந்தது என்று நூல் நின்று கேட்பதில்லை. தன் வழக்கைத் தானே வாதாடும் எழுத்துக்கு இந்தக் குறை இயல்பாகவே வந்துவிடும்.

போருக்குப் பிறகு பிரேசில், அதன்பின் கேம்பிரிட்ஜ். 1955-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1966 முதல் 1973 வரை வெப்பமண்டலத் தாவரவியல் பேராசிரியர். கினாபாலு மலைக்கும் சாலமன் தீவுகளுக்கும் ஆய்வுப் பயணங்கள். 1985-இல் ஜப்பானின் சர்வதேச உயிரியல் பரிசை முதன்முதலாகப் பெற்றவரும் இவரே. இப்படி எழுதி முடித்துவிட்டால் நமக்குப் பழக்கமான ‘சாதனையாளர் வரலாறு’ தயார்.

அதைக் கலைத்துப்போடுவது ஒரு சூட்கேஸ். கார்னரின் மகன் ஜான் 1960-இல் 19 வயதில் வீட்டை விட்டுப் போனார். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் சந்திக்கவே இல்லை. 1996-இல் கார்னர் இறந்தார். மகன் எங்கிருந்தாலும் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சீட்டு எழுதி, கடிதங்களும் படங்களும் ஆவணங்களும் நிறைந்த பெட்டி ஒன்றை விட்டுப்போயிருந்தார். அதை வைத்து மகன் எழுதிய ‘மை ஃபாதர் இன் ஹிஸ் சூட்கேஸ்’ 2013-இல் சிங்கப்பூரில் வெளிவந்தது.

பல லட்சம் தாவர மாதிரிகளும் நூல்களும் போரில் அழியாமல் பார்த்துக்கொண்டவர், ஒரு பெட்டியை மகனிடம் நேரில் கொடுக்க முடியாமல் போனார். மகன் இதை வைத்து அப்பாவைக் கழுவேற்றியிருக்கலாம். அல்லது பெட்டியே பாசத்துக்கு அத்தாட்சி என்று கண்ணீரோடு முடித்திருக்கலாம். ஜான் இரண்டையும் செய்யவில்லை. விஞ்ஞானியின் உழைப்பைக் குறைக்காமல், வீட்டுக்குள் இருந்த மனிதரையும் மறைக்காமல் எழுதுகிறார். அப்பாவின் தாள்களில் அப்பாவுக்கு எதிரான சாட்சியும் இருக்கும் என்று தெரிந்தே வாசிக்கிறார். ‘தி மார்க்விஸ்’ எழுதியவருக்கு இந்த விலகல் கைகூடவில்லை.

நாம் இப்போதுதான் நம் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்களின் கடிதங்களையும் டைரிகளையும் தேடிச் சேகரிக்க ஆரம்பித்திருக்கிறோம். நல்ல விஷயம். ஆனால் சேகரித்த கையோடு மலர் வெளியிட்டு மாலை போட்டுவிடுகிறோம். குடும்பத்துக்கு வருத்தம் தரும் கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை அச்சுக்குக் கொடுக்கிறோம். எடுத்து வைத்த அந்தக் கடிதத்தையும் சேர்த்துப் பாதுகாத்தால்தான் அது ஆவணக் காப்பகம். சதுப்புக் காட்டில் கார்னர் அழகான மரங்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால், 1978-இல் வந்த அந்த ஆய்வு இன்று யாருக்கும் பயன்பட்டிருக்காது.