குதிரை தன் வண்டிக்குத் திரும்ப வேண்டும்

இங்கிலாந்தின் வடக்கே நீளும் பென்னைன் மலைத்தொடரில் நடப்பவர்களுக்கு 1965-இலேயே ‘பென்னைன் வே’ என்ற நெடும்பாதை கிடைத்துவிட்டது. அதே மலையில் குதிரையோடு போகிறவர்களுக்குத் தொடர்ச்சியான வழி இல்லாமல் இருந்தது. இந்தக் குறையை ஊரறியச் செய்ய 1986-இல் மேரி டவுன்லி என்ற பெண்மணி தோழிகளோடு குதிரையேறி, நார்தம்பர்லாந்திலிருந்து டர்பிஷயர் வரை ஏறத்தாழ 250 மைல் வந்தார். பழைய குதிரைப்பாதைகள் புதர் மண்டியும் துண்டுபட்டும் கிடந்த கோலத்தை நாடு கவனித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் குதிரை, நடை, சைக்கிள் மூன்றுக்கும் பொதுவான ‘பென்னைன் பிரைடில்வே’. 1995-இல் அரசின் ஒப்புதல் வந்தது. 2012-இல் வடபகுதியும் திறக்கப்பட்டு 205 மைல் ஆயிற்று. மேரி டவுன்லி 2001-இலேயே இறந்துவிட்டார்.

ஒரு பாதைக்கு 26 ஆண்டா என்று கேட்கத் தோன்றும். அந்த நாட்டுச் சட்டத்தில் நடைபாதை வேறு, குதிரைப்பாதை வேறு. நடைபாதையில் குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரிமை கிடையாது. குதிரைப்பாதையில் சைக்கிளுக்கு இடம் கிடைத்ததே 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். இரண்டு குதிரைப்பாதைகளுக்கு நடுவே ஒரே ஒரு வயலின் அகலத்துக்கு நடைபாதை மட்டும் இருந்தால், நடப்பவர் தம் பாட்டுக்குப் போய்விடுவார். குதிரையில் வந்தவர் லாரி ஓடும் தார்ச்சாலையில் இறங்கியாக வேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வொரு வயலுக்கும் உடையவரோடு பேசி ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது அரசாணை பிறப்பித்து இழப்பீடு தர வேண்டும். இது மண்வெட்டி வேலையைவிடப் பத்திர வேலை. தாமதத்தை இந்த வழியின் குற்றமாக நான் எழுதமாட்டேன்.

மூவருக்கும் பொது என்றால் யாரை அளவாக வைப்பது? பென்னைன் பிரைடில்வே குதிரையை அளவாக வைத்தது. அதன் ஆகச் சிறந்த முடிவு இதுவே. சேணத்தில் இருந்தபடியே திறக்கும்படி நீண்ட கைப்பிடி வைத்த கதவுகள் வந்தன. பரபரப்பான சாலைகளைக் கடக்கும் இடங்களில், குதிரைமேல் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்திலும் பொத்தான் வைத்த சிக்னல்கள் நின்றன. செல்சைடு அருகே ரிபிள் ஆற்றின்மீது இந்த வழிக்காகவே பாலம் எழுந்தது. குதிரை தாண்டக்கூடிய கதவைக் கால் தளர்ந்த முதியவரும் தாண்டுவார், சைக்கிள்காரரும் தாண்டுவார். நடப்பவரை மட்டும் நினைத்து வேலியில் ஏறுபடி கட்டியிருந்தால் மற்ற இருவரும் வெளியே நின்றிருப்பார்கள்.

எதிர்வாதமும் லேசானதல்ல. குதிரைக்குப் பிடித்தது புல்லும் மெத்தென்ற மண்ணும். சைக்கிளுக்கு இறுகிய ஜல்லி. மழை கொட்டும் மலையில் மெத்தென்ற மண் ஒரே குளிர்காலத்தில் சேறாகிவிடும், ஜல்லி கொட்டாமல் தீராது. டர்பிஷயரில் பழைய ரயில் தடத்தின்மேல் செல்லும் ‘ஹை பீக் டிரெயில்’ பகுதி சமதளமாக இருப்பதால் குழந்தைகளோடு சைக்கிளில் வரும் குடும்பங்களுக்கு வசதி. பின்னாலிருந்து சத்தமில்லாமல் பாயும் சைக்கிள் குதிரையை மிரளவைக்கும் ஆபத்தும் அங்கேதான். குதிரைக்கும் நடப்பவருக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மலைச்சரிவில் அதை நடைமுறையாக்குவது ஓட்டுபவரின் பண்பு ஒன்றுதான். இந்த உரசல் முற்றிலும் தீரும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் மூவரையும் பிரித்து மூன்று பாதை போட நிலமும் கிடைக்காது, பணமும் கிடைக்காது.

என் மனம் அதிகம் தங்குவது லங்காஷயர், யார்க்‌ஷயர் எல்லையில் சுற்றிவரும் 47 மைல் வளையத்தில். 2002-இல் திறந்த அதற்கு மேரி டவுன்லியின் பெயரே வைத்தார்கள். கம்பளியும் உப்பும் சுண்ணாம்பும் சுமந்து பொதிகுதிரைகள் போன பழைய தடங்கள் அந்த மலைகளில் நிறைய. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் ஆலைகள் மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் 1860-களில் கல் பாவிய சாலையும் இந்த வளையத்தில் வருகிறது. லாடக்கால் வழுக்கக்கூடிய கல்தான். ஆனாலும் பசித்தவர்களின் கை பதித்த கல்லைப் பெயர்த்தெடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

வளையத்தின் அருமை வரலாற்றோடு முடிவதில்லை. நேர்கோட்டுப் பாதையின் கடைசியில் நடந்தவர் ரயிலேறித் திரும்பலாம்; சைக்கிள்காரரும் அப்படியே. குதிரையை ரயிலில் ஏற்ற முடியாது. அதை ஏற்றிவந்த வண்டியோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. ராத்திரிக்குக் குதிரைக்குப் புல்வெளியும் லாயமும் வேண்டும், வரும் வழியில் வண்டி நிறுத்த அகலமான இடமும் வேண்டும். 205 மைல் நெடுகிலும் இந்தக் கணக்கைச் சமாளிக்க வசதியும் பல நாள் விடுப்பும் உள்ளவர்கள் சிலரே. வளையமோ மூன்று நாளில் குதிரையை அதன் வண்டியிடமே கொண்டுவந்து சேர்க்கிறது. செட்டில் ஊரருகே உள்ள பத்து மைல் வளையத்துக்கு ஒரு பகலே போதும்.

ஆகவே என் தீர்ப்பு: நெடுவழி என்ற அளவில் பென்னைன் பிரைடில்வே பாதி வெற்றி, வளையங்கள் முழு வெற்றி. முதல் திட்டம் நார்தம்பர்லாந்தின் பைர்னஸ் வரை நீண்டது. இப்போது வழி கம்ப்ரியாவின் ரேவன்ஸ்டோன்டேல் அருகே நின்றுவிடுகிறது. மேரி டவுன்லி குதிரையேறிய மாவட்டத்தை அவர் கேட்ட வழி இன்னும் எட்டவில்லை. மிச்சத்தை எடுத்துக்கட்ட யாரேனும் முன்வந்தால், ரேவன்ஸ்டோன்டேலிலிருந்து நேர்கோட்டை நீட்டிக்கொண்டு போக வேண்டாம். நார்தம்பர்லாந்திலேயே ஒரு வளையத்தை முதலில் போடட்டும்.