உயரத்தைச் செலவு செய்யும் கலை

ஒரு கோலியை ஓரடி உயரத்திலிருந்து கைவிட்டால் தரையைத் தொடக் கால் நொடிதான் ஆகும். அதில் பார்க்க ஒன்றுமில்லை. சத்தம் கேட்ட பிறகுதான் விழுந்ததே தெரியும். அதே கோலிக்கு நடுவில் மரத்தால் ஒரு பாதை போட்டுக் கொடுங்கள். வளையும், தயங்கும், ஒரு தட்டில் விழுந்து எதிர்ப்பக்கம் திரும்பும், கிண்ணத்துக்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஓட்டையில் மறையும். இறங்கி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். கால் நொடியைப் பத்து நொடியாக இழுத்துக் காட்டுவதுதான் கோலி ஓட்டத்தின் கலை. மற்றதெல்லாம் அலங்காரம்.

இந்தப் பொருள் இப்போது லேசரில் வெட்டிய மரத்துண்டுகளாகப் பெட்டியில் வருகிறது. சீனாவின் சுசோ நகரத்து ரோபோடைம் நிறுவனம் ராக்கர் என்ற பெயரில் விற்கிறது. உக்ரைனின் கீவ் நகரத்து யூகியர்ஸ் இன்னொரு பெயர். நம் நாட்டில் ஐ.ஐ.டி. டெல்லியில் படித்தவர்கள் 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட்டிவிட்டி, ரோலர் கோஸ்டர் மார்பிள் ஸ்லைடு என்றொரு கிட் போட்டிருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டுப் பெட்டி கொஞ்சம் கையைக் கடிப்பதற்குக் காரணம் இதுதான். தாம்பரம் பக்கத்துச் சேலையூரிலோ செம்பாக்கத்திலோ உள்ள இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இது பொருத்தமான பொழுதுபோக்கு. சாப்பாட்டு மேசையில் பாதி இடம் போதும். ரம்பமும் வேண்டாம், மரத்தூளும் பறக்காது.

இதன் மூதாதை விளையாட்டுப் பொருள் அல்ல, சோதனைக் கருவி. பொருள்கள் விழும் விதத்தை அளக்க நினைத்த கலீலியோவுக்கு நேராக விழும் குண்டு எட்டாத வேகத்தில் போயிற்று. அதனால் நீண்ட மரச்சட்டத்தில் ஒரு காடி எடுத்து, வழவழப்பாக்கி, அதற்குள் தோல்தாள் ஒட்டி, சட்டத்தைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். நேரத்தை அளந்தது நீர்க்கடிகாரம். 1638-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த விவரமெல்லாம் இருக்கிறது. வீழ்ச்சியைத் தாமதப்படுத்தினால் அதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சூட்சுமம். நம் மேசைமேல் நிற்கும் மர ஓட்டம் செய்வதும் அதுவேதான். அளப்பதற்குப் பதில் ரசிக்கிறோம், அவ்வளவே.

ரசிப்பதற்கு ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. குண்டுக்கு உயரம்தான் கைமுதல். மேலே ஏறி நிற்கும்போது கையில் இருப்பதை இறங்க இறங்கச் செலவு செய்கிறது. மோசமான வடிவமைப்பாளர் முதல் சரிவிலேயே பாதியைச் செலவழிக்க விட்டுவிடுவார். குண்டு பாய்ந்து வந்து முதல் வளைவில் வெளியே எகிறும். நல்லவர் சில்லறை சில்லறையாகக் கொடுப்பார். ஐந்து பாகைச் சரிவு என்றால் ஒரு சாண் நீளப் பாதைத் துண்டுக்கு, அதாவது ஒரு தட்டத்துக்கு, இறக்கம் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அந்தத் தட்டங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக மாற்றி மாற்றிச் சாய்த்து அடுக்கினால் ஓரடி உயரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு தட்டம் அடங்கும். ஒவ்வொரு தட்டத்தின் முடிவிலும் குண்டு ஒரு தடுப்பில் மோதி, சேர்த்த வேகத்தை இழந்து, கீழ்த்தட்டத்தில் புதிதாகத் தொடங்கும்.

இன்னும் நுட்பமான செலவு ஒன்று உண்டு. தட்டையான பரப்பில் உருளும் குண்டு, தன் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கைச் சுழல்வதற்கே கொடுத்துவிடுகிறது. மர ஓட்டங்களில் பாதை பெரும்பாலும் தட்டையாக இருக்காது. இரண்டு மெல்லிய விளிம்புகள் தண்டவாளம்போல ஓட, குண்டு இடையில் சற்றே அமிழ்ந்து உருளும். அமிழ அமிழ அதே தூரத்தைக் கடக்க அதிகம் சுழல வேண்டும். முன்னே போகும் வேகம் குறையும். ஆகவே சரிவை மாற்றாமலே, விளிம்புகளின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் அகட்டினால் குண்டு நிதானப்படும். ஓடும் குண்டு ஓரிடத்தில் சட்டென்று அதிகமாகச் சுழன்றபடி மெதுவாகப் போவதைக் கண்டால் அங்கே வடிவமைத்தவரின் கை இருக்கிறது என்று அறியலாம்.

இப்படி மில்லிமீட்டரில் விளையாட முடிவது லேசரால். மரம் வெட்டப் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் பட்டேல். 10.6 மைக்ரான் அலைநீளம் கொண்ட அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது; மரம் அதை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய இடம் நொடியில் கரிந்து ஆவியாகிவிடும். மரத்துண்டுகளின் விளிம்பில் இருக்கும் காப்பிநிறக் கருக்கலும், பெட்டியைத் திறந்ததும் வரும் லேசான தீய்ந்த வாசனையும் அதன் அடையாளம். சிலர் அந்தக் கருக்கலைத் தேய்த்து நீக்குகிறார்கள். எனக்கு அது பிடித்தமானது. வெளிறிய மரத்துக்கு மை தீட்டியதுபோல் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் தனித்துக் காட்டும்.

துல்லியத்தை லேசர் கொடுத்துவிட்டது. ஓட்டத்தைக் கைதான் கொடுக்க வேண்டும். துண்டுகள் பலகையிலேயே மெல்லிய இணைப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கத்திலிருந்து அழுத்தி எடுத்தால் ஓரத்தில் முள்போல ஒரு துணுக்கு மிஞ்சும். வேறு இடத்தில் இருந்தால் பாதகமில்லை, பாதையின் விளிம்பில் இருந்தால் குண்டு அங்கே துள்ளும். இரண்டு தட்டம் சேரும் இடத்தை நகத்தால் நீவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் மேடு நகத்துக்குத் தட்டுப்படும். இறங்கும் திசையில் அது கீழ்நோக்கிய படியாக இருந்தால் குண்டு மன்னித்துவிடும். மேல்நோக்கிய படியாக இருந்தால் நின்றுவிடும். உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, அவ்வளவுதான் வைத்தியம். பல்சக்கரங்களுக்கும் அச்சுகளுக்கும் மெழுகு தடவ வேண்டும். எண்ணெய் கூடவே கூடாது. மரம் குடித்துவிடும். மெழுகோ மரத்தின் நாரை மூடி வழவழப்பைத் தரும். தடவிய பிறகு, குண்டை மேலே ஏற்றும் கைப்பிடியைச் சுற்றினால் கடகடப்பு அடங்கி ஒரு மெத்தென்ற ஓசை வரும். கட்டும் வேலையில் மிகப் பெரிய இன்பம் அந்த மாற்றத்தைக் காதால் கேட்பதுதான்.

நம் ஊருக்கென்று ஒரு பாடமும் உண்டு. பலகையின் தடிமனுக்கு அளவெடுத்துக் காடி வெட்டியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாம்பரத்துக்கு ஈரக்காற்று வந்து, கதவெல்லாம் நிலையில் இறுகும்போது இந்தப் பலகையும் ஈரம் குடித்துத் தடிக்கும். ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் நீள அகலம் அவ்வளவாக மாறாது, தடிமன்தான் கூடும். துண்டின் முனையில் நீட்டியிருக்கும் நாக்கு காடிக்குள் போக மறுக்கும். சுத்தியலைத் தேடாதீர்கள். துண்டுகளை ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டு, நாக்கின் முனையில் மட்டும் இரண்டு தேய்ப்பு தேய்த்துச் செருகுங்கள். எம்.டி.எஃப். பலகை இந்த விஷயத்தில் இன்னும் மென்மையானது. வெட்டிய விளிம்பு ஈரம் பட்டால் உப்பி உதிரும், பழைய நிலைக்குத் திரும்பாது. மழைக்காலத்தில் கிட் வாங்குகிறவர்கள் ப்ளைவுட் வாங்குவதே உத்தமம்.

இறக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ரசிகனின் கண் கடைசியில் போய் நிற்பது ஏற்றத்தில். செலவழித்த உயரத்தைத் திரும்பச் சம்பாதிப்பது எப்படி? சக்கரத்தில் கிண்ணங்கள் வைத்து அள்ளலாம். ராக்கரின் வாட்டர்வீல் கோஸ்டர் பெயரிலேயே அதைச் சொல்லிவிடுகிறது. சங்கிலியில் கோத்து இழுக்கலாம். ஆர்க்கிமிடீஸ் திருகில் ஏற்றலாம். இவற்றில் என் ஓட்டு படி ஏற்றத்துக்கு. அசையாத படிகள் ஒரு வரிசை, மேலும் கீழும் அசையும் படிகள் ஒரு வரிசை. இரண்டும் சீப்புப் பற்களாகப் பின்னியிருக்கும். ஒவ்வொரு படியின் தலையும் அடுத்ததை நோக்கி இம்மியளவு சாய்ந்திருக்கும். அசையும் படி குண்டைத் தூக்கி அசையாத படியின் மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் குண்டு தானாக அதன்மேல் உருண்டுகொள்ளும். அசையும் படி இறங்கி, அடுத்ததைத் தூக்க வரும். குண்டு ஏறுகிறது, ஆனால் எந்தக் கணத்திலும் அது தானாகச் செய்வது இறங்குவது மட்டுமே. இதைப் புரிந்துகொண்டு பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

யூடியூபில் சில காணொளிகள் குண்டு தானே ஏறித் தானே இறங்குவதாகக் காட்டும், நம்ப வேண்டாம். தானே சுழலும் சக்கரத்தை 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரரே பாதரசம் அடைத்த ஆரங்களோடு கற்பனை செய்தார். அதைச் சுழல வைக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. கமலை இறைத்த மாடும் ஏற்றம் மிதித்த ஆளும் அறிந்த உண்மை இதுதான்: மேலே போவதற்கு ஒருவர் உழைத்தாக வேண்டும். அதனால்தான் மோட்டார் வைத்ததைவிடக் கைப்பிடி வைத்த ஓட்டம் உயர்ந்தது என்பேன். சுற்றும் விரலுக்கு ஒவ்வொரு குண்டின் எடையும் தெரியும்.

இந்தக் கலையின் பெரிய கோயில்கள் வேறு நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரோட்ஸ் இரும்புக் கம்பிப் பாதைகளில் பந்துகளை ஓடவிட்டார். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 1987 முதல் அவருடைய படைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பந்துகளை மணிகளிலும் மரக்கட்டைகளிலும் மோதவிட்டு இறக்கத்தையே வாத்தியமாக்கினார். ஸ்வீடனின் மார்ட்டின் மோலின் 2016-இல் 2,000 குண்டுகள் கொண்ட மர இயந்திரத்தைக் கையால் சுற்றி ஒரு பாட்டே வாசித்தார். அந்த அளவுக்கு நம் மேசைப் பொருள் போகாது. ஆனால் மரத்தின் ஓசை இங்கும் உண்டு. பிளாஸ்டிக் பாதையில் குண்டு சலசலக்கும். மெல்லிய மரத்திலோ ஒவ்வொரு தட்டமும் தன் நீளத்துக்கேற்ப ஒரு சுருதி சொல்லும்.

வாங்குவதாக இருந்தால் துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். காணொளியில் ஒரே ஒரு குண்டைத் தேர்ந்தெடுத்து, உச்சியிலிருந்து அடிவரை மனத்துக்குள் எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் இறங்கிவிட்டால் அது சறுக்குமரம். கோபுரமும் கொடியும் எத்தனை இருந்தாலும் வேண்டாம். நவராத்திரிக்கு முன் கட்டி முடித்தால் இன்னும் நல்லது. கொலுப்படிக்குக் கீழே பார்க் அமைக்கும் வீடுகளில் இதற்கு இயல்பான இடம் இருக்கிறது. சுண்டலுக்கு வரும் பிள்ளைகள் கைப்பிடியை விடமாட்டார்கள்.

கட்டி முடித்தவர்கள் அத்தோடு நிற்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பெயர்ப்பலகையும் கேடயமும் கல்யாண அலங்காரமும் வெட்டித் தரும் லேசர் கடைகள் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கமே இருக்கின்றன. கட்டடக்கலை மாணவர்கள் மாதிரி வீடுகளுக்கு அங்கேதான் போகிறார்கள். உங்கள் ஓட்டத்தில் ஒரே ஒரு தட்டத்தை நீங்களாக வரையுங்கள். முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் கோரல் டிராவில் போட்டு, 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் வெட்டக் கொடுங்கள். கதிர் தின்னும் மயிரிழை அகலத்தைக் கணக்கில் சேர்க்கக் கடைக்காரரிடமே கேளுங்கள், பி.வி.சி. தாளை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள், நச்சுப்புகை வரும். அடுத்தவர் வரைந்த பாதையில் ஓடும் குண்டை ரசிப்பது ஒரு சுகம்; நாம் போட்ட சரிவை நம்பி ஒரு குண்டு இறங்குவதைப் பார்ப்பது அதைவிடப் பெரிது.